துரைசானியின் தள்ளுமட்டையில் ஊற்றிய ஈயம்

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஒருசேர ஆளான மாப்பிள்ளை சென்னியப்பா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. பாவாயியும் குழந்தைகளும் சுகம். உன் செம்மறி இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. அணையில் இந்த வருஷம் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கடல் மாதிரி இருக்கிறது என்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. நீ இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய்வந்து ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருப்பாய். நான் சொல்ல வரும்போது கேட்க ஆள் இருந்திருக்காது.

செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று நீ கேட்பாய். என்னால் அதை விட முடியவில்லை. உன்னைத் தூக்கிய அன்று தெருமுனைவரை கூட்டம் நின்றதே, நம் ஊரில் அத்தனை நெசவுக்காரர்களும் ஒரே நாளில் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நான் அழுதுகொண்டேதான் நடந்தேன். அழுதுகொண்டே, எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று எண்ணிக்கொண்டும் நடந்தேன். இதை வேறு யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் இருவரும் என் அப்பாவின் பட்டறையில் ஒரே வருஷம் உளி பிடித்தவர்கள். தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாக்கட்டை செய்வதில் என் கைதான் கை. நான் இழைத்த நாடா பாவுக்குள் இந்தப் பக்கம் புகுந்தால் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வந்து சேரும். உன் ரம்பம் போட்ட கோட்டில் ஓடியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் பட்டறைக்குள் வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, சென்னி இல்லையா என்றுதான் கேட்பார்கள். நான் நாடாவைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டையை எடுக்கப் போய்விடுவேன். நீ கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அப்படி என்னதான் பார்த்தாய்?

என் தங்கை பாவாயியைக் கட்டிக்கொண்ட பிறகு நீ இன்னும் மோசமாகிவிட்டாய். முறைப்படி நான் உன்னை வாங்க போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். கூடப் புழுதியில் புரண்டவனுக்கு அந்த மரியாதை என் வாயில் வரவில்லை. நீயோ அன்றிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு என்னைக் கேலி செய்தாய். பாவாயி என் வீட்டுக்கு வந்தால் உன் பேச்சு, உன் வீட்டுக்கு நான் வந்தால் உனக்குத்தான் முதல் தட்டு. கூடப் பிறந்தவளும் உன் பக்கம் போய்விட்டாள்.

இதெல்லாம்கூட எனக்குப் பொறுக்கும். பொறுக்காதது அந்தத் தள்ளுமட்டை.

அணைக்கட்டு முகாமில் துரைமார் கோல்ஃப் ஆடுகிற மைதானம் உனக்கு மறந்திருக்காது. பேர்தான் மைதானம், அந்தக் கரட்டில் புல் முளைக்கவில்லை. குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் விட்டு இழுத்துச் சமன் செய்து வைத்திருந்தார்கள். அந்த மணலில் பந்தைத் தள்ளிக் குழியில் விழவைக்க ஒரு மட்டை உண்டு. அதற்கு அவர்கள் என்னவோ பேர் சொல்வார்கள், நம் பட்டறையில் அது தள்ளுமட்டை. உடைந்த மட்டைகளெல்லாம் வண்டியில் நம்மிடம்தான் வரும். ஒரு நாள் இஞ்சினீயர் துரையின் சம்சாரம், அந்தக் குட்டைத் துரைசானி, புருஷனுடைய பழைய தள்ளுமட்டையோடு தானே வந்து இறங்கினாள். பித்தளைத் தலை, சீமை மரத்தில் காம்பு. தனக்கு நீளமாக இருக்கிறது, இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும் என்றாள்.

அப்பா அதை என்னிடம்தான் நீட்டினார், உன்னிடம் இல்லை. அன்று எனக்கு இருந்த பெருமையை நீ கவனித்தாயா? பிடி இருக்கும் மேல்முனையில் இரண்டு அங்குலம் குறித்து, ஒரு சிலாம்பு எழும்பாமல் அறுத்தேன். பிடித்தோலைத் திரும்பவும் சுற்றினேன். அறுக்கும் முன்னும் அறுத்த பின்னும் மட்டையைத் தராசில் வைத்து நிறுத்தேன். நூல் விற்கும் ஊரில் பிறந்தவன் வேறு எதை நம்புவான்? நம் ஊரில் எந்தச் சண்டையானாலும் தராசுத் தட்டு நின்ற இடத்தில் முடிந்துவிடும். குறைந்த எடை ஒரு தோலாகூட இல்லை. மட்டை நீளத்தில்தான் குறைந்தது, எடையில் ஒன்றும் போகவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள். மட்டைக்கு உயிர் போய்விட்டது, தலை இருக்கிற இடமே கைக்குத் தெரியவில்லை என்றாள். ஒரு தடவை தள்ளினால் பந்து குழியைத் தாண்டி ஓடுகிறதாம், பயந்து மெல்லத் தள்ளினால் பாதி வழியில் நின்றுவிடுகிறதாம். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். தராசை எடுத்துவந்து அவள் எதிரே வைத்தேன். மட்டையை ஒரு தட்டிலும் படிக்கற்களை மறு தட்டிலும் வைத்து, தப்பு மட்டையில் இல்லை என்று காட்டினேன். அப்படியானால் தப்பு எதில் என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்துபோயிற்று.

அப்போதுதான் நீ மூலையிலிருந்து எழுந்து வந்தாய்.

"ஏனுங்க மச்சான், தராசா பந்தடிக்கப் போவுது? அந்தம்மா கையில்லீங்களா அடிக்கோணும்?"

சொல்லிவிட்டு என் கையிலேயே என் சுத்தியலைக் கொடுத்தாய். நுனியில் பிடித்து ஆட்டச் சொன்னாய். பிறகு இரும்புக்குப் பக்கத்தில், கழுத்தில் பிடித்து ஆட்டச் சொன்னாய்.

"சுத்தியல் இளைச்சா போச்சுங்க? ஆனா கை என்ன சொல்லுதுங்க?"

கை என்ன சொல்லும். நுனியில் பிடித்தபோது மணிக்கட்டை இழுத்த இரும்பு, கழுத்தில் பிடித்தபோது இருப்பதே தெரியவில்லை. காம்பு குட்டையானால் தலை இளைத்ததுபோல் ஆகிவிடும். எடை போன இடம் மேல்முனை, எடை போதாமல் போன இடம் கீழே தலை. உளி பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம், மாப்பிள்ளை. தினமும் நூறு தடவை சுத்தியலைத் தூக்குகிற எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? அப்பா உன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு நீ செய்த வித்தையையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தகட்டைக் கத்தரித்து, தேன்மெழுகால் மட்டைத் தலையின் பின்புறம் ஒட்டினாய். துரைசானியைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை ஆட்டச் சொன்னாய். ஒரு துண்டு ஒட்டினாய், அவள் இல்லை என்று தலையாட்டினாள். இன்னொன்று ஒட்டினாய். அவள் முகம் மாறுகிறவரை நீ தராசுப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் பித்தளையில் குழி தோண்டி அவ்வளவு ஈயத்தையும் உருக்கி ஊற்றினாய். குழி கோணல்தான். அதை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு முகாம் மட்டைகளுக்கெல்லாம் நீதான் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் வண்டி வரும், நீ முன்னால் ஏறி உட்காருவாய். நான் நாடா இழைத்துக்கொண்டு வண்டி போகிற சத்தத்தைக் கேட்பேன். உனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, இந்தச் சனிக்கிழமை வண்டியில் நான் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காக நான் என்னை மன்னிக்கவில்லை. நீ மன்னித்துவிடு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நீ போகும்போது துரைசானி புருஷனோடு சீமையில் இருந்தாள். ஒரு வருஷம் பங்களா பூட்டிக் கிடந்ததில் சுவர் மூலையில் சாய்த்து வைத்த தள்ளுமட்டையின் மேல்முனையைக் கரையான் தின்றுவிட்டது. தோலும் போயிற்று, மரமும் ஒன்றரை அங்குலம் போயிற்று. போன மாதம் ஊர் திரும்பியதும் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். வந்து, என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

சென்னி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். நாற்காலி கேட்காமல் மரக்கட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் பார்க்கட்டுமா என்று கையை நீட்டினேன்.

"நீ வேண்டாம்," என்றாள். "நீ அறுத்துச்சு, கெட்டுப் போச்சு. சென்னி நல்லாக்குச்சு. இனி யாரும் தொட வேண்டாம்."

சுவரில் மாட்டி வைக்கப் போகிறாளாம். யோசித்துப் பார். கெடுத்தவன் இந்தப் பழனியப்பன், சரி செய்தவன் சென்னியப்பன், அவனுக்குப் பிறகு ஆளே இல்லை என்று அந்த மட்டை பங்களாச் சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் கொடுங்கள், சரியாக வராவிட்டால் முகாம் மட்டை ஒன்றையும் இனி நான் தொட மாட்டேன், எல்லாம் சேலத்துக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அரை மனதாகக் கொடுத்தாள்.

விஷயம் பாவாயி காதுக்குப் போயிற்று. மறுநாள் காலையில் உன் தகர டப்பாவோடு வந்து நின்றாள். உள்ளே தேயிலைப் பெட்டி ஈயம், மெழுகு உருண்டை. நீ தொட்ட எதையும் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

"எடுத்துக்குங்க அண்ணா. அவுரு எப்பவும் சொல்லுவாருங்க, ரம்பம் புடிச்சா மச்சானாட்ட நேரா அறுக்க இந்தச் சீமையில ஆளில்லைன்னு."

அதை ஏன் நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கரையான் தின்றதை நேராக அறுத்தேன். மறுபடி ஒன்றரை அங்குலம் போனதால் தலை மறுபடி இளைத்துவிட்டது, உன் ஈயம் மட்டும் போதவில்லை. தராசைத் தூக்கிப் பரணில் போட்டேன். துரைசானியை வரவழைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெழுகில் துண்டு துண்டாக ஒட்டினேன். உன் வழியிலேயே போக வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒட்டினேன். ஐந்தாவது துண்டில் அவள் புருவம் இறங்கியது, தோள் இறங்கியது. நீ அத்தனை வருஷம் நின்று பார்த்தது இதைத்தான் என்று அப்போது தெரிந்தது. அது தெரிந்ததும் எரிச்சல் கூடத்தான் செய்தது.

அவள் போன பிறகு உன் கோணல் குழியைத் துரப்பணத்தால் தோண்டி ஈயத்தை வெளியே எடுத்தேன். ஒழிந்தது சென்னி வேலை, இனி முழுக்க என் வேலை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வீசி எறியக் கையையும் ஓங்கினேன். எறிய வரவில்லை. உன் ஈயச் சீவலையும் என் துண்டுகளையும் ஒரே கரண்டியில் போட்டு உருக்கினேன். காம்பு கருகாமல் ஈரத்துணி சுற்றி, வட்டமாகத் தோண்டிய குழியில் ஊற்றினேன். இனி அதில் எது உன்னுடையது, எது என்னுடையது என்று எந்தத் தராசிலும் பிரிக்க முடியாது.

சனிக்கிழமை வண்டி வந்தது. முன்னால் ஏறி உட்கார்ந்து நான்தான் போனேன். துரைசானி அந்த எண்ணெய் மணலில் நின்று, பத்தடி தூரத்திலிருந்து பந்தைத் தள்ளினாள். பந்து அவசரமில்லாமல் உருண்டு போய்க் குழியில் விழுந்தது. அவள் மட்டையின் தலையைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சென்னி கை," என்றாள். "சென்னி கை அப்படியே இருக்கு."

அந்தக் கை என் கை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழி தோண்டியது நான், கண்ணை மூடச் சொன்னது நான், நேராக அறுத்தது நான். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றேன்.

அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை நாலு பேர் படிக்க எழுதுகிறேன். பாவாயிக்கு யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும். துரைசானியிடம் மட்டும் நான் உயிரோடு இருக்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். அந்த மட்டை உன் பேரிலேயே இருக்கட்டும். ஆனால் நான் அங்கே வந்து சேரும் அன்று முதல் வேலையாக உன்னைப் பிடித்து உட்காரவைப்பேன். பாவாயியிடம் சொன்னாயே, அதை என் முகத்தைப் பார்த்து நீ சொல்ல வேண்டும், 'ங்க' போட்டே சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
பழனியப்பன்,
ஜலகண்டாபுரம்.