கையெழுத்தில்லாத் தாள்

சிலிபின், ஈப்போ
1979

மகளே,

கல்லூரி விடுதியில் நீயே எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து நடத்தும் பத்திரிகையைப் படித்தேன். அப்பா யார் பேச்சையும் கேட்கமாட்டார் என்று ஊரறிய எழுதியிருக்கிறாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி நீ பத்திரிகை நடத்தமாட்டாய் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். கல்லூரியிலிருந்து தாள் வந்திருக்கிறது. மறுத்தால் உன்னை நீக்கிவிடுவார்களாம்.

"போட்டுக் குடுங்கலா, புள்ள படிப்பு போயிரும்" என்று உன் அம்மா அழுகிறாள்.

முன்பு தோட்டக் கூலியாக இருந்தபோது, கணக்கெழுதும் கிராணி நீட்டிய தாளில், படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தேன். அதைக் காட்டி மறுமாதமே தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன் பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன்.

இந்தத் தாளை முழுதும் படித்தேன். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நிறுத்துவதென்றால் நீயே நிறுத்து.

அடுத்த இதழில் என்னைத் திட்டியிருந்தாலும் ஒரு பிரதி அனுப்பு.

உன் அப்பா