தராசின் மறுபக்கம்

ஏலப்பாறை,
20.1.1974

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. விடுதிச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

புதுவருடத்தன்று எஸ்டேட் மைதானத்தில் இங்கிலீஷ் படம் போட்டபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இல்லாவிட்டால் மைக்கை உன் கையில் கொடுத்திருக்க மாட்டேன். லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளி ஜனங்களுக்குத் தமிழில் கதை சொல்வது இத்தனை வருடமும் என் வேலை. நான் சொன்ன கதாநாயகிகள் எல்லாரும் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். ஒரு வம்பும் வந்ததில்லை.

நீ உள்ளதை உள்ளபடி சொன்னாய். வருங்காலத்து நகரம். எல்லாருடைய உழைப்பையும் சுவருக்குப் பின்னால் ஓர் இயந்திரம் அளக்கிறது. ஒலிபெருக்கி சொல்வதுதான் அளவு. ஒருத்தி மட்டும் அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று சுவரேறிக் குதித்து, அந்த அறைக்கதவில் கைவைக்கிறாள். அந்த இடத்தில் மேனேஜர் துரை ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் செபமாலையம்மாள் கூடையை இறக்கவில்லை. தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளை பக்கம்தான். அவர் சொல்வதுதான் எடை. "முள்ளு என்ன புதுப்பொண்ணா சார், எங்களுக்கு முகங் காட்டாம இருக்க?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டார். கதையைத் தவறாகச் சொன்னதாக நீ மன்னிப்பு எழுதி அனுப்பவேண்டுமாம். அதை நான் லயத்தில் வாசிக்கவேண்டுமாம். இல்லையென்றால் நாம் இருக்கும் ஹெட்கிளார்க் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டுமாம். பி.ஏ. தேறிய என்னை மூன்று முறை தள்ளிவிட்டு, இண்டர்மீடியட் தாண்டாத தன் மச்சினனை உதவி மேனேஜர் ஆக்கிய மனிதர். கூரை ஒழுகுகிறது என்று நான் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. காலி செய்யச் சொல்ல மட்டும் வாய் வருகிறது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

இதை உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

செபமாலையம்மாள் தினமும் வாசலில் வந்து நின்று, "கதவத் தெறந்தாளா சார்?" என்கிறாள். அந்தப் படம் மதுரைக்கு வந்தால் பார்த்து எழுது. திறந்திருந்தால் பெரிய எழுத்தில் எழுது. லயத்தில் விளக்கு மங்கல், நான் வாசிக்கவேண்டும். திறக்கவில்லை என்றால் எனக்கு மட்டும் தெரிவி. மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அப்பா,
சிலுவைராஜ்