சம்மதம் ஆனால்

என் கட்டைவிரலில் இன்னும் மை வாசம் போகவில்லை. காலையில் நம் மகன் எழுதிய கடிதத்தில் ஒரு கமாவை ஈரம் காயும் முன்னே தேய்த்து அழித்துவிட்டேன். மாலை போட்ட உங்கள் படத்திடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் பேத்தியைக் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் அது. “பெண்ணுக்குச் சம்மதம், ஆனால் ஆவணி வரை பொறுக்கவும்” என்று எழுதியிருந்தான். பார்த்ததுமே, அன்று நான் தங்கியிருந்த என் பெரியப்பா வீட்டுக் கூடம் கண்முன் வந்து நின்றது.

நிபோங் திபால் தோட்டத்திலிருந்து என் அப்பா அனுப்பிய கடிதத்தை, டத்தோ கிராமாட் வீட்டில், உங்களோடு பெண் கேட்டு வந்த உங்கள் அம்மா முன்னால் பெரியப்பா சத்தமாக வாசித்தார். “பெண்ணுக்குச் சம்மதம்” என்று நிறுத்தி, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, “ஆனால் தை வரை பொறுக்கவும்” என்றார். உங்கள் அம்மா உடனே எனக்குப் பூ வைக்க எழுந்துவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள்தான் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினீர்கள்.

“மாமா, இதுல கமா இல்லையே! ‘சம்மதம் ஆனால்’னு சேத்துல்ல எழுதியிருக்காரு. பொண்ணுக்குச் சம்மதம்னா பொறுங்கன்னுல்ல சொல்றாரு. அதுகிட்ட கேட்டீங்களா?”

“கமாவாவது கிமாவாவது! பொட்டப்புள்ளகிட்ட என்னத்தக் கேக்குறது லா?”

“பூ வாடுதுடா” என்றார் உங்கள் அம்மா.

நீங்கள் அசையவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, “ஒனக்குச் சம்மதமா?” என்றீர்கள். நான் கதவை இன்னும் இறுகப் பிடித்தேன். “தை வரைக்கும் யோசிச்சுக்க. பொறுக்கச் சொன்னதும் நல்லதாப் போச்சு” என்று சிரித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

மார்கழி முடிவதற்குள் சம்மதம் என்று நானே சொல்லியனுப்பினேன். பெரியப்பாவை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் கருமாதிச் சோறும் எனக்குக் கசந்தது. கல்யாணமானதும் நீங்கள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். ‘அ’னாவுக்கு முன்னால் நான் கேட்டுக் கற்றது அந்தக் கமாவைத்தான்.

“என்னம்மா, கடுதாசியக் கெடுத்துட்டீங்களே!” என்று இன்று நம் மகன் கத்தினான்.

“அவளக் கேட்டியாடா?”

பேனாவை மூடினான். பேத்தியிடம் நானே கேட்டேன். அவளும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். “ஆவணி வரைக்கும் யோசிச்சுக்க” என்றேன். சொன்னது என் வாய், வந்தது உங்கள் குரல்.

கடிதத்தை அப்படியே தபாலில் போடச் சொல்லிவிட்டேன். கமா இருந்த இடத்தில் என் கைரேகை பதிந்திருக்கிறது.