ஐந்து விரல் தடிப்பு குறித்து ஆழிக்கரை நாட்டுக்கு

நலம் பெருகுக. நெல்லும் உப்பும் குறையாத ஆழிக்கரை நாட்டை ஆளும், கடல் போலப் பொறுமையும் கடல் போலச் சினமும் உடைய இளநாகனார் திருமுன், வேங்கைக்கோட்டை மன்னர், மும்மலைக் காவலர், அஞ்சாநெஞ்சர் அதிராமுடியாரின் ஆணைப்படி ஓலைநாயகம் பெருஞ்சேந்தன் வரைந்து விடுக்கும் ஓலை. உலகம் இதுவரை கேட்டிராத பேருண்மை ஒன்றை இதனால் அறிவிக்கிறோம்: எம் மன்னரைப் பிடித்தது பேய் அன்று, அரிப்பு.

தங்கள் தமக்கையார் நல்லினி தேவியின் கணவரும் எம் மன்னரின் அண்ணனுமான பொறைமுடியார், சென்ற மாதம் நண்டு விருந்துண்டு இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவருடைய பட்டாடையையே உடுத்தி முடிசூட வேண்டும் என்று தம்பியார் விரும்பினார். கழுத்துப் பட்டையின் உட்புறம், இன்னார் துணி என்று சலவைக்காரர் அறிய, சேங்கொட்டைச் சாற்றால் அண்ணனுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். பட்டையை மாற்றித் தமக்கு ஐந்து புள்ளி வேண்டும் என்றார் மன்னர். வைத்தார்கள்.

உடுத்திய மூன்றாம் நாள், நிறைந்த அவையில், அவர் பிடரி எரிந்தது. எட்டிப் பார்த்த விசிறிக்காரனின் விசிறி கீழே விழுந்தது. பின்னிருந்து யாரோ பற்றியதுபோல ஐந்து தடிப்புகள், செக்கச்செவேலென்று. இறக்கும் வேளையில் அண்ணன் தம்பியின் அந்தப் பிடரியைப் பற்றிக்கொண்டுதான் மூச்சுக்குத் தவித்தார் என்பது அதுவரை மன்னர் ஒருவருக்கே தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நிற்பவரிடம் பேசுவதுபோல மெல்லப் பேசினார்.

"அண்ணா, கையை எடுங்க. உதடு வீங்கி மூச்சு முட்டுதுன்னு நீங்க சொன்னப்ப, வெறும் அரிப்புதான், தானா சரியாயிடும்னு வைத்தியரைத் திருப்பி அனுப்பினது நான்தான்."

இருநூறு பேர் கேட்டார்கள்.

அதன்பின் பூசாரிகள் மூவர் வேப்பிலையால் அடித்தனர், அரிப்பு கூடியது. ஆடையைக் கழற்றினால் அண்ணன் சினம் மிகும் என்று மன்னர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அரண்மனைச் சலவைக்காரி பூவாயிதான் கூட்டத்தை விலக்கி முன்னே வந்தாள்.

"முதல்ல துணியைக் கழட்டுங்க சாமி. இது பேயில்ல, நாங்க வச்ச குறி. சேங்கொட்டை சில தோலுக்கு ஆகாது."

குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி, ஈரத்துணி போட்டு, நகத்தை வெட்டிவிட்டுச் சொறியாமல் இருந்தால் தானே அடங்கும், வீட்டில் பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்றாள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது வீட்டில் பார்க்கிற காரியமில்லை, அந்தக் கணமே வைத்தியரை அழைக்க வேண்டும் என்றும் சொன்னாள். அப்போது அவையில் ஒருவரும் மன்னர் முகத்தைப் பார்க்கவில்லை.

தடிப்பு அடங்கிவிட்டது. ஆயினும் மன்னர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டே நடக்கிறார். அவர் வாய்விட்ட சொல் தங்கள் செவிக்கும் எட்டி, தங்கள் படை எல்லையாற்றில் வந்து நிற்பதாக அறிகிறோம். அரிப்பில் பிறந்த சொல் அரிப்போடு போயிற்று எனக் கொண்டு படையைத் திருப்புக. அவையோர் இருநூற்றுவரும் ஒன்றும் கேட்கவில்லை என ஆணையிடப்பட்டுள்ளது. மும்மலையில் மழை பெய்யும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. இது அரச முத்திரை.

பதித்தவன் ஓலைநாயகம். மன்னர் இன்று காலை கோட்டையின் வடக்கு வாசல் வழியே தப்பிப் போய்விட்டார். கதவை யாரும் சாத்தவில்லை.