ஏழாவது அத்தியாயத்தில் இல்லாத மாடி

வடக்குப்பட்டு,
மே 30.

அன்பு மகள் ஷாரோனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் பாதி சொல்வதற்குள், அம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

உன் புத்தகம் வந்து பத்து மாதம் ஆகிறது. பூமி சூடாவதைப் பற்றி இவ்வளவு எளிய தமிழில் யாரும் எழுதியதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். உன் அப்பா போகிற கல்யாணத்துக்கெல்லாம் மொய்க்கவரோடு அதில் ஒரு பிரதியையும் கொடுத்துவிட்டு வருகிறார். ஆனால் அந்த ஏழாவது அத்தியாயம் இருக்கிறதே, அது என் உயிரை வாங்குகிறது.

அதில் என்னைப் பற்றி, அம்மா வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ போட்டோ எடுக்க வந்த வாரம் பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால்தான் பானை வாங்கி வைத்தேன். இன்றும் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் துணி பழுப்பாகிறது, அதை எந்த மனுஷன் குடிப்பான்? வந்த பத்து நாளும் நீ குடித்தது கேன் தண்ணீர்தான், மறந்துவிட்டதா? ஏசி இல்லாமல் நிறைவாக வாழ்கிறார் என்று வேறு. ஏசி வாங்க வசதி இல்லை. அதற்குப் பெயர் நிறைவா?

புத்தகத்தைப் படித்துவிட்டுச் சனிக்கிழமைதோறும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒரகடத்திலிருந்து ஏதோ கம்பெனியின் பசுமைக் குழு என்று பச்சை டீஷர்ட் போட்டுக்கொண்டு ஏசி பஸ்ஸில் வருகிறார்கள். இஞ்சினை அணைக்காமல் பஸ் தெருவில் உறுமிக்கொண்டு நிற்க, எளிமையாக வாழ்வது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? உன் மானம் போய்விடக் கூடாதே என்று உன் அப்பா பிரிட்ஜுக்குப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, மேலே பூச்சாடியையும் வேதாகமத்தையும் வைத்துவிட்டார். பொய்க்கு மேலே வேதாகமம் வேண்டாம் என்று சண்டை போட்டு அதை மட்டும் எடுத்தேன். ஒருநாள் ஒரு பேராசிரியை அந்தப் பிரிட்ஜின்மேல் சாய்ந்துகொண்டே மின்சாரத்தை நம்பாத வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். அது உள்ளே கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கேன் போடும் இனியவனைப் பின்வாசலில் வரச் சொல்லியிருக்கிறோம். இன்னாம்மா, துட்டு குடுத்துத் தண்ணி வாங்கறதுக்கு திருட்டு சாமான் வாங்கறா மாரி பயந்துகினு கீறீங்க என்று சிரிக்கிறான். இந்த வயதில் எனக்கு இது தேவையா, நீயே சொல்.

இதெல்லாம் போகட்டும். சிரித்துவிட்டுப் போகலாம். நான் எழுத வந்தது மாடியைப் பற்றி.

அட்டைப் படத்தில் நம் வீட்டின் ஓட்டுக் கூரை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது. அதற்குப் பின்னால், நான் சத்துணவு வேலையிலிருந்து ரிடையர் ஆன பணத்தில் ஷீட் போட்டுக் கட்டிய மாடி அறைகள் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் வானம் இருக்கிறது. அந்த அறைகளில் தெற்கேயிருந்து வந்து கம்பெனிக்குப் போகிற எட்டுப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு அவர்கள் கம்பெனியில் ஸ்வீட் பாக்ஸோடு உன் புத்தகத்தையும் கொடுத்தார்கள். சுகப்பிரியாதான் அதை எடுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வயது இருபத்திரண்டு, செல்போன் கம்பெனியில் பொடி ஸ்க்ரூ மாட்டுகிற வேலை. ஆன்ட்டி, இதுல நம்ம மாடியக் காணலியே என்று கேட்டாள். பிரிண்டிங் மிஸ்டேக் என்றேன். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பனிக்கரடிக்குப் பதினோரு பக்கம் கொடுத்திருக்கிறாய். எட்டுப் பெண்களுக்கு ஒரு வரி கொடுக்க முடியவில்லையா?

ஏப்ரலில் அந்தப் பெண்கள் வந்து கேட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்க முடியவில்லை, ஷீட் கொதிக்கிறது, ஒரு ஏசியை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொள்கிறோம், கரண்ட் பில்லை நாங்களே பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். நியாயமான பேச்சு. நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று மாலை உன்னிடம் போனில் சொன்னேன். நீ பதறிப்போய்விட்டாய். ஜூன் பதினாலாம் தேதி புத்தகத்தைப் பற்றிய டாக்குமெண்டரிக்காக வீட்டைப் படம் எடுக்க வருகிறார்கள், ஏசியின் வெளிப்பெட்டி முன்பக்கம் தெரியும், அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லம்மா, இரண்டே மாதம்தானே என்றாய்.

நீ சொன்னாய், நான் தலையாட்டினேன். தப்பில் பாதி என்னுடையது, தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வயரிங் லோடு தாங்காது, ஈபியில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஜூன் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்கள். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்கள்.

மே பத்தாம் தேதி சனிக்கிழமை. அக்னி நட்சத்திரம். சுகப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்ததாக உனக்குச் சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. அன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தாள். மற்றப் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மதியம் ஒரு கல்லூரியிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். மரத்தடியில் உட்காரவைத்து மண் டம்ளரில் மோர் கொடுத்தேன். உன் அப்பா வழக்கம்போல ஏழாவது அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். அதை வீடியோ எடுக்கிறார்கள் என்பதால் எல்லோரையும் போனைச் சைலன்டில் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன்.

அவர்கள் போன பிறகு மூன்று மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். சுகப்பிரியா மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். ஒன்று ஐம்பது, ஒன்று ஐம்பத்திரண்டு, இரண்டு ஐந்து.

ஷாரோன், நாலாவது அத்தியாயத்தில், உடம்பால் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போகும்போது வியர்வை நின்றுபோகும், பேச்சு குழறும், பிறகு வலிப்பு வரும் என்று எழுதியிருக்கிறாயே, ஒரு வார்த்தை பிசகவில்லை. எல்லாம் அப்படியே மாடியில் நடந்திருக்கிறது. கீழே நாங்கள் ஏழாவதைப் படித்துக்கொண்டிருந்தோம்.

கதவருகே கிடந்தாள். தொட்டால் அடுப்பில் கை வைத்தது போல இருந்தது. நானும் உன் அப்பாவும் தூக்கி ஆட்டோவில் போட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐஸை வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு நாள் கழித்துக் கண்ணைத் திறந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் விரல் நடுங்குகிறது. சரியாக மாதக் கணக்காகும், சரியாகாமலும் போகலாம் என்கிறார்கள். நடுங்குகிற விரலால் பொடி ஸ்க்ரூ எப்படி மாட்டுவது? கான்ட்ராக்ட் வேலை என்பதால் கம்பெனியிலும் பெயரை எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த திங்களே ஏசி மாட்டிவிட்டேன். மெக்கானிக் கோதண்டராமன், பொட்டியப் பின்னாடி போட்டுடவா, முன்னாடி பாக்க நல்லா இருக்காதே என்று கேட்டான். முன்னாலேயே போடு என்றேன். சுகப்பிரியாவின் அறையில் இருக்கும் செல்வலட்சுமி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி, வயரிங் தாங்கிருமா என்று மட்டும் கேட்டாள். குத்திக் காட்டினாளா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை. தாங்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பிரிட்ஜின் மேலிருந்த பெட்ஷீட்டையும் உருவிப் போட்டாயிற்று. சனிக்கிழமை வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போகிறது என்பது எங்கள் தலைக்குத் தெரியும். கரண்ட் அதிகம் செலவானால் அதுவும் பாவக்கணக்கில்தான் சேரும் என்று நீ சொல்வாய். சேரட்டும். கம்பெனி பஸ்ஸையும் பெரிய பெரிய கட்டடத்தையும் விட்டுவிட்டு அந்தக் கணக்கை ஒரு ஷீட் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற பெண்ணிடம் தொடங்காதே. அவ்வளவுதான் என் கோரிக்கை.

எனக்குத் தூக்கம் வராமல் போனதற்குக் காரணம் வேறு. சுகப்பிரியாவின் அம்மா உச்சிமாகாளி, பஸ்ஸில் விடிய விடிய வந்து, மகளோடு ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள் இருந்தாள். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எம்புள்ளைய ஒங்க புள்ளையா நெனச்சுத் தூக்கிட்டு ஓடுனிய, நீங்க நல்லா இருக்கணும்மா என்று அழுதாள். ஊருக்குப் போன பிறகும் வாரம் ஒரு தடவை போன் பண்ணி அதையே சொல்கிறாள். என் பிள்ளைக்காகத்தான் உன் பிள்ளையை வேகவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஆனால் சொல்லியாக வேண்டும். பதினாலாம் தேதி படம் எடுப்பவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அதற்காக ஊருக்கு வர நீ எடுத்த டிக்கெட்டை மாற்றாதே, வா. வந்த மறுநாள் இரண்டு பேரும் சங்கரன்கோவிலுக்குப் போவோம். நான்தான் சொல்வேன், உன்னைப் பேசச் சொல்லமாட்டேன். அந்த அம்மா என் கையை விடும்போது நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
தெபோராள் யாக்கோபு