உயிலில் உன் பெயர்

அன்புள்ள றஜீனா,

வைத்தியர் சொன்னதை உன் புருசன் சொல்லியிருப்பான்; அதை விடுவோம். நேற்று உயில் எழுதினேன். லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டை என் மூன்று பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பை உன்னிடம் விட்டிருக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தோனியார் பெருநாளில் நீதான் சோறு பரிமாறினாய். உன் பிள்ளைகள் முன்னுக்கு நின்றும், வரிசை முடியத்தான் அவர்களுக்குப் போட்டாய். அன்றே தீர்மானித்துவிட்டேன்.

சட்டத்தரணியிடம் கூட வந்த என் தம்பி துள்ளினான். "மூத்தவன் இருக்க, அவன்ர மனுசியோ, அக்கா?"

"ஓம். அவன் என்ர பிள்ளைதான். ஆனால் முதல் தன்ர கோப்பையைத்தான் நிரப்புவான்."

நீ என்ன உறவு என்று சட்டத்தரணி கேட்டார். "மகள்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் அப்படியே குறித்துக்கொண்டார். ஆயுள் முழுக்க மாணவர்களின் பிழை திருத்திய நான், அதைத் திருத்தச் சொல்லவில்லை.

பெருமையுடன்,
உன் மாமி