சுவருக்கு வெளியே அப்பா

12 அக்டோபர் 2009
விடாத மழை. ஆபீஸில் கரண்ட் இல்லை, வரைபட வேலை எல்லாம் நின்றது. மதியம் பெரியப்பா போன். ஊரில் எங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர் நாலு பக்கமும் விழுந்துவிட்டதாம். கல்லறைத் திருநாளுக்குள் கட்டியாக வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அளந்து, போட்டோ எடுத்து, பிளான் போட வேண்டும். "நீ வரையறவன், வூட்டுப் புள்ள. இருக்கிற கல்லறை எல்லாத்தையும் உள்ள வச்சிக் கட்டுடா" என்றார்.
சரி என்றேன். இனி இந்த டைரியில் அவர் பெ. முழுதாக எழுதினால் மை வீண்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

14 அக்.
வெயில், புழுக்கம். கோலியனூர் தாண்டி ஊருக்கு. டேப், சுண்ணாம்புப் பொடி, குச்சி, கேமரா. திரும்பும்போது கறிவேப்பிலை மறந்தேன், அம்மாவிடம் திட்டு.
சுவர் மண்ணோடு மண். பெயர் மங்கிய கற்களை ஈரத்துணியால் துடைத்து, சாய்ந்த வெயிலுக்காகக் காத்திருந்து போட்டோ. அப்போதுதான் எழுத்து தெரிகிறது. ஒரு வரிசை முழுக்கக் கைக்குழந்தைகள். பெயர் இல்லை, கல் மட்டும்.
மேற்கு ஓரத்தில், தாத்தாவுக்கும் சுவருக்கும் நடுவே, பெ.வின் கல். ஆள் இன்னும் உயிரோடு. திண்டிவனத்தில் செதுக்கிய வெள்ளை மார்பிள். பெயர், பிறந்த தேதி, ஒரு கோடு, பிறகு காலி.
கிழக்கே, பழைய சுவருக்கு வெளியே, முள்ளுக்குள் அப்பா. 1993. மோட்டாரின் ஃபுட்வால்வைச் சரி பண்ணக் கிணற்றில் இறங்கினார். மேலே கயிறு பிடித்தவர் பெ. மட்டும். அப்பா பிணமாகத்தான் வெளியே வந்தார். தம்பி தானே குதித்துவிட்டான் என்று பெ. அப்போதைய பாதரிடம் சொன்னார். தற்கொலை என்பதால் துக்க மணி இல்லை, சுவருக்குள் இடமும் இல்லை. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். "சாகப் போறவன் இடுப்புல ஸ்பேனர் சொருகிக்கினு எறங்குவானா?" என்று அம்மா கேட்டாள். பாதர் பெ.வைத்தான் நம்பினார்.
வருஷா வருஷம் பாதர் தெளிக்கும் தீர்த்தம் சுவரோடு நின்றுவிடும். அம்மா மெழுகுவர்த்தியோடு வெளியே நிற்பாள்.

17 அக்.
புதுச் செங்கல் வாங்க பெ.வுக்கு மனசில்லை. பழைய செங்கல்லையே பொறுக்கிக் கட்டச் சொல்கிறார். பழைய சுற்றளவுக்குத்தான் வரும், கூட ஒரு அடி கேட்டால் வராது என்கிறார் மேஸ்திரி.
சாப்பிடும்போது பளிச்சென்று உதித்தது. சுற்றளவு மாற வேண்டாம், சுவரையே கிழக்கே நகர்த்தினால் அப்பா உள்ளே. மேற்கே அந்த அளவு குறையும். அங்கே பெ.வின் காலிக் கல் மட்டும்தான்.
பென்சிலால் கோடு போட்டேன். சந்தோஷமாக இருந்தது.

22 அக்.
அஸ்திவாரம். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சார், ஒரு கல்லு வெளியில நிக்குதே?"
"அது கல்லறை இல்ல மேஸ்திரி. உள்ள யாரும் இல்ல."
பெ.வுக்குக் கால் வீக்கம், வீட்டைவிட்டு வருவதில்லை. எல்லாம் உள்ளே வந்ததா என்று போனில் கேட்டார். எல்லாக் கல்லறையும் உள்ளேதான் என்றேன். அதில் பொய் இல்லை.

28 அக்.
அம்மாவிடம் பிளானைக் காட்டினேன். அப்பா இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். பெ.வின் கல் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.
"வாசல் கேட்டு எந்தப் பக்கம் வைக்கிற?"
தெற்கே என்றேன்.
"மேக்கால வை. போறவங்க வர்றவங்க எல்லாம் அந்தக் கல்லப் பாத்துக்கினு போவட்டும்."
வாசலை மாற்றிவிட்டேன். எனக்கு இது தோன்றாமல் போயிற்றே.

2 நவம்பர். கல்லறைத் திருநாள்
தூறல். மெழுகுவர்த்தியில் சுடர் நிற்கவில்லை. தீப்பெட்டி நமுத்துவிட்டது.
பெ.வை ஆட்டோவில் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முகம் மாறியதை அருகில் நின்று பார்த்தேன். கண்ணாரப் பார்த்தேன்.
"என் கல்லு ஏண்டா வெளியில கெடக்குது?"
"கல்லறை எல்லாம் உள்ளன்னு நீங்கதானே சொன்னீங்க பெரியப்பா. இதுல யாரும் இல்லீங்களே."
"அவன் மட்டும் எப்பிடி உள்ள..." என்று ஆரம்பித்தார். புதுப் பாதர், சின்ன வயசுக்காரர், திரும்பினார். ஏன், அவர் உள்ளே இருக்கக் கூடாதா என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டுமென்றால் கிணற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.
அப்பாமேல் தீர்த்தம் விழுந்தது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.
கிளம்பும்போது பெ. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நான் செத்தா என்னிய எங்கடா வைப்ப?"
"அம்மாவக் கேட்டுச் சொல்றேங்க."

3 நவ.
கேட்டேன். அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "கயித்த ஏன் வுட்டாருன்னு இங்க வந்து எங்கிட்ட சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."
போன் போட்டு அப்படியே சொன்னேன். வைத்துவிட்டார்.

6 நவ.
மழை. ஆபீஸ் போகவில்லை. சைக்கிள் பஞ்சர்.
சோற்றில் கை வைக்கும்போது வாசலில் ஆட்டோ சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். பெ., தனியாக, குடையில்லாமல். எழுந்திருக்கப் போனேன். அம்மா உட்காரச் சொன்னாள். "சோத்தத் தின்னுட்டு அப்பறமா தொற."
குழம்பு, ரசம். மோருக்கு மறுசோறு வேறு போட்டாள். கை கழுவினேன். இதையும் எழுதிவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கிறது.